எதற்கும் தப்பாகாத கொள்கை எதற்கு உதவும்?

சோதித்துப் பார்க்க முடியாத கொள்கையை அறிவியல் ஏன் விளக்கமாக ஏற்பதில்லை? வந்த கேள்விகளுக்கு, சென்னைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

வேளச்சேரி வாசகர்: உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் போர் போட்டோம். தண்ணீர் வந்தது. இது அறிவியல் இல்லையா சார்?

தண்ணீர் வந்ததில் சந்தோஷம். ஆனால் ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அவர் காட்டாத மூலையில் போட்டிருந்தாலும் வந்திருக்கலாமே! நீரோட்டம் பார்ப்பதைத் தாராளமாகச் சோதிக்கலாம். அதைக் கெடுப்பது பின்னால் வரும் சப்பைக்கட்டுதான். வரவில்லையென்றால் "இன்னும் ஐம்பது அடி போங்க". அப்போதும் வரவில்லையென்றால் "வண்டிக்காரர் ஓரடி தள்ளிப் போட்டுட்டார்". அடுத்த முறை, எந்த இடத்தில் தண்ணீரே வராது என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலைத்தான் சோதிக்க முடியும்.

பெரம்பூர் வாசகி: எல்லாவற்றையும் விளக்கும் கொள்கை நல்லதுதானே?

அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் வியன்னாவில் இளைஞராக இருந்தபோது உளவியலாளர் ஆட்லரின் தாழ்வு மனப்பான்மைக் கொள்கை பிரபலம். பாப்பர் சொல்லும் உதாரணம் இது: ஒருவன் குழந்தையைத் தண்ணீரில் தள்ளிக் கொல்லப் பார்க்கிறான், இன்னொருவன் குழந்தையைக் காப்பாற்றத் தன் உயிரையே கொடுக்கிறான். முதல்வனுக்குத் தாழ்வு மனப்பான்மை, குற்றம் செய்யும் துணிச்சல் தனக்கு இருப்பதைக் காட்ட வேண்டும். இரண்டாமவனுக்கும் அதே தாழ்வு மனப்பான்மை, காப்பாற்றும் துணிச்சலைக் காட்ட வேண்டும். சரி, அடுத்து வருபவன் தள்ளுவானா, குதிப்பானா? அதற்குப் பதில் இல்லை. எது நடந்தாலும் பொருந்துகிற கொள்கை, ஏன் இது நடந்தது, ஏன் அது நடக்கவில்லை என்பதைச் சொல்லவே இல்லை.

ஐன்ஸ்டைன் அப்படி நழுவவில்லை. சூரியன் ஓரமாக வரும் நட்சத்திர ஒளி 1.75 வினாடிக் கோணம் (ஒரு வினாடிக் கோணம் என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) வளையும் என்று எண்ணையே சொன்னார். நியூட்டன் கணக்கில் அதில் பாதிதான். 1919 மே 29 கிரகணத்தில் அளந்தார்கள், ஐன்ஸ்டைன் பக்கம் சாய்ந்தது. அந்த அளவீடு துல்லியமா என்று பின்னால் சண்டை நடந்தது உண்மைதான், ஆனால் அதற்கப்புறம் வந்த நுட்பமான அளவீடுகளும் அவர் சொன்னதையே காட்டின.

தாம்பரம் வாசகர்: கணிப்பு தப்பினால் கொள்கையைத் தூக்கிப் போட வேண்டுமா? யுரேனஸ் நியூட்டன் கணக்குப்படி ஓடவில்லை, யாரும் நியூட்டனைக் கைவிடவில்லையே?

நல்ல பிடி. "கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது" என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே (Le Verrier) சொன்னதும் சப்பைக்கட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வானத்தில் எந்த இடம் என்று குறித்துக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினால், ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் நெப்டியூன்!

அதே மனிதர் அடுத்து புதனைப் பிடித்தார். அதன் பாதை நூற்றாண்டுக்குச் சுமார் 43 வினாடிக் கோணம் நியூட்டன் கணக்கை மீறித் திரும்புகிறது (இன்றைய அளவீட்டின்படி). சூரியனுக்குப் பக்கத்தில் 'வல்கன்' என்ற கோள் இருக்க வேண்டும் என்றார். ஆண்டுக்கணக்கில் தேடினார்கள், அப்படி ஒன்று இல்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் சமன்பாடு அந்த 43ஐ நேராகக் கொடுத்தது. என்னைக் கேட்டால் வல்கனும் நல்ல அறிவியல்தான். தேடிப் பார்த்து இல்லை என்று சொல்ல வழி இருந்ததே!

மயிலாப்பூர் வாசகி: செல்போன் ஆப் "70 சதவீதம் மழை" என்கிறது. பெய்யாவிட்டால் "30 சதவீதம் இருந்ததே" என்கிறார்கள். இது மட்டும் நியாயமா?

ஒருநாளை வைத்துப் பிடிக்க முடியாது. அது 70 என்று சொன்ன நாட்களையெல்லாம் நோட்டில் குறித்து வையுங்கள். பத்துக்கு ஏழு நாள் பெய்தால் சரி, நான்குதான் என்றால் ஆப் மாட்டிக்கொண்டது.

அம்பத்தூர் வாசகர்: உலகமே நேற்று ராத்திரிதான் உண்டானது, நம் நினைவுகளோடு சேர்த்து. மறுக்க முடியுமா?

முடியாது. அதுதான் அதன் கோளாறு.

அடையாறு வாசகர்: அப்படியானால், எல்லாப் பொருளும் மிக நுண்ணிய அதிரும் இழைகளால் ஆனது என்னும் சரக் கொள்கையும் (string theory) அறிவியல் இல்லையா?

'இன்னும் சோதிக்க முடியவில்லை' வேறு, 'சோதிக்கவே விடமாட்டேன்' வேறு. நட்சத்திரத்தில் என்ன பொருள் இருக்கிறதென்று மனிதனால் அறியவே முடியாது என்று 1835இல் தத்துவவாதி காம்ட் எழுதினார். 1868 கிரகணத்துக்கு நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினம் போனார், பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூர் போனார். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவி வைத்துச் சூரியனின் ஓரத்தில் இருப்பது சூடான வாயு என்று காட்டினார்கள். அந்த ஆண்டே அந்த நிறமாலையில் தெரிந்த மஞ்சள் கோடுதான் பிறகு ஹீலியம் என்ற தனிமத்தின் அடையாளம் என்று ஆனது. சரக் கொள்கைக்கு அப்படி ஒரு கிரகணம் இன்னும் வாய்க்கவில்லை. அதுவரை அது சுவையான கணிதம், ஆராய வேண்டிய யோசனை. நிரூபணமானது என்று யாராவது சொன்னால் மட்டும் சண்டைக்குப் போங்கள்.