பொண்ணு சிவில் இன்ஜினியரிங் எடுக்கலாமுங்களா?

வெயிலில் சைட்டில் நிற்க வேண்டுமே என்று தயங்குகிறீர்கள். நிற்கத்தான் வேண்டுமுங்க. ஆனால் பழைய வீட்டு சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறதே, அதன் காரணம் கண்டு சரிசெய்வதும் சிவில்தான். திருப்பூர், ஈரோடு பக்கம் அந்த வேலைக்குக் கட்டடங்கள் ஏராளம்.

பொண்ணுக்கு வேதியியல் பிடிக்கும் என்றால் இன்னும் நல்லது. காங்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பிக்குக் காவல். அதை அளக்கும் எண்ணான பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். கார்பன் டை ஆக்சைடு புகப் புக அது 9-க்குக் கீழே இறங்கும். ஈரம் பட்டதும் கம்பி துருப்பிடிக்கும். துரு, தின்ற இரும்பைப்போல் 2 முதல் 6 மடங்கு இடம் கேட்பதால் காரை வெடிக்கிறது. 1958-ல் காற்றில் 315 பிபிஎம் (பத்து லட்சத்தில் 315 பங்கு) இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது, வெயிலும் ஏறுகிறது. உப்பிலுள்ள குளோரைடும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கொங்கில் கடல் இல்லை, உப்பு உண்டு: போர் தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. சாயக்கழிவு இறங்கிய நொய்யல் கரையில் சோதிக்காமல் கலப்பது வம்பு.

சோதனை எளிது. புதிதாக உடைத்த இடத்தில், காரம் பட்டால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல காங்கிரீட் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியை எட்டினால் காவல் போயிற்று. தூசியை ஊதித் தள்ளாமல் தெளித்தால் உள்ளிருந்து வந்த தூள் சிவந்து ஏமாற்றும். அடுத்தது ஹாஃப்-செல் சோதனை, கம்பியின் மின்னழுத்தத்தை அளப்பது. தாமிர சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு அளக்கும்போது அது -350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு.

மேஸ்திரிகள் பலர் துருவின் மேலேயே சிமெண்ட் பூசி மூடிவிடுவார்கள். கம்பிக்குப் பின்னால் 20-25 மி.மீ. வரை கொத்தி, துருவை முழுக்கத் தேய்த்தெடுத்து, பிறகு பாலிமர் கலவை இட வேண்டும். உப்பு ஏறிய காங்கிரீட்டை ஓரத்தில் விட்டுவைத்தால் ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துரு கிளம்பும்.

பி.இ. சிவிலுக்குப் பின் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) நேர்வழி. டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தாலும் குறையில்லை. துருவின் வேதியியலே பிடித்துப்போனால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

கோவையிலோ பெருந்துறையிலோ கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தின் பளபளப்பில் மயங்க வேண்டாம். ஹாஃப்-செல் கருவி இருக்கிறதா, மாணவர்கள் அதைக் கடைசியாக எப்போது தொட்டார்கள் என்று லேப் உதவியாளரிடம் கேளுங்கள்.