எல்லா ரத்தத்தையும் சோதிக்கிறார்கள் என்றால், தானம் செய்யும்போது இத்தனை கேள்விகள் எதற்கு?

சோதனைக்குக் கண் தெரியாத சில நாள்கள் உண்டு, அதற்குத்தான்.

சிங்கப்பூரின் ஊட்ரம் ரத்த வங்கியில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். அது உங்களுக்கு ரத்தம் போதுமா என்று பார்க்க மட்டும்தான். கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பை நிரம்பும்போது சின்னக் குழாய்களிலும் கொஞ்சம் பிடிப்பார்கள், கவனித்திருப்பீர்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் சோதனைகள் அந்தக் குழாய்களில்தான் நடக்கின்றன.

ஹெபடைடிஸ் பி தொற்றியவுடன், சோதனை தேடும் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் தென்படாது. பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் சோதனை தேடும், அது உருவாக இரண்டு மாதம்கூட ஆகலாம். வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனை இந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டது. எச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 11 நாள். ஆனால் பூஜ்யம் இல்லையே! அந்த நாள்களில் கொடுத்த ரத்தம் சோதனையில் தேறிவிடும், பெறுபவருக்குத் தொற்றிவிடலாம். பச்சை குத்தியது, புதிய துணை, ஊசி என்றெல்லாம் கேட்பது அந்த ஓட்டையை அடைக்கத்தான். ஊருக்குப் போய் வந்ததைக் கேட்பது பெரும்பாலும் மலேரியாவுக்காக.

கேள்விகள் கூச்சமாகத்தான் இருக்கும், பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். ஆனால் தனியறையில்தான் பேசுவார்கள். இங்கே தெரிந்தே பொய் சொல்வது சட்டப்படி குற்றமும்கூட. எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கவே ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து கிளினிக்குக்குப் போங்கள். பெயர் சொல்லாமலே பரிசோதிக்கும் இடங்கள் சிங்கப்பூரில் உண்டு.