நனைந்த மேடையும் எர்த் கம்பியும்: ஒரு மைக் செட் காரரிடம் கேள்விகள்

அறுபதுகளின் சைக்கடெலிக் ராக் (போதை மயக்கத்தின் உணர்வை ஒலியில் காட்டப் பார்த்த இசை) கச்சேரிகளில் மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் முப்பது வருடம் மைக் செட் போட்டவன். அமெரிக்காவின் பெரிய ராக் இசை விழாவான உட்ஸ்டாக் நடந்தபோது எனக்கு அரை டிராயர் வயது. படித்ததையும் பதிவுகளில் கேட்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

மதுரை வாசகர்: உட்ஸ்டாக்கில் மேடைக்குப் பின்னால் ஒரே கொண்டாட்டம்தானா?

முக்கால்வாசி காத்திருப்பு. 1969 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. பெத்தல் ஊர்ப் பால்பண்ணை நிலத்துக்குப் போகிற சாலை முழுக்கக் கார்கள் அடைத்துக்கொண்டன. கலைஞர்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். முதலில் வாசிக்க வேண்டிய ஸ்வீட்வாட்டர் குழு நெரிசலில் மாட்டிக்கொண்டது. தயாராக இருந்த ரிச்சி ஹேவன்ஸை மாலை ஐந்து மணிக்கு மேல் மேடையில் ஏற்றிவிட்டார்கள். அவர் இறங்கப் பார்க்கும்போதெல்லாம் 'இன்னும் கொஞ்சம்' என்று திருப்பி அனுப்பினார்கள். கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்ததும், 'ஃப்ரீடம்' என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடி, அதைப் பழைய ஆன்மிகப் பாடல் ஒன்றோடு கோத்துவிட்டார். இன்று அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்தப் பாட்டுக்காகத்தான்.

சேலம் வாசகர்: உட்ஸ்டாக் கூட்டத்தில் புழங்கிய அந்தப் பழுப்பு நிற எல்எஸ்டி போதைப்பொருள் பற்றிச் சொல்லுங்கள்.

அது சரியில்லை, தள்ளியிருங்கள் என்று மேடையிலிருந்தே மைக்கில் அறிவித்தார்கள். அவ்வளவுதான்.

தஞ்சை வாசகர்: கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு உட்ஸ்டாக்கில் ஷாக் அடித்ததாமே, உண்மையா?

இதற்காகத்தான் காத்திருந்தேன். உண்மை. மழையில் மேடை நனைந்திருந்தது. அந்தக் குழுவின் பாப் வியர் கிடாரோடு மைக் பக்கம் போனபோதெல்லாம் சுரீர் என்று அடித்தது.

காரணம் எளிது. கிடாரின் இரும்புத் தந்தி ஆம்ப்ளிஃபயரின் உடம்போடும், அதன் வழியாக அதன் எர்த்தோடும் இணைந்தது. மைக்கின் உலோகம் ஒலிக் கருவியின் எர்த்தோடு இணைந்தது. இரண்டு எர்த்தும் ஒன்றாக இருந்தால் ஒன்றும் ஆகாது. வேறு வேறாக இருந்து, ஒன்றில் மின்கசிவும் இருந்தால், பாடகர்தான் நடுவில் ஒயர். விரல் தந்தியில், உதடு மைக்கில்.

அங்கே 120 வோல்ட், நம்ம ஊரில் 230. ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் பையன் பிளக்கின் பெரிய பின்னை, அதாவது எர்த் பின்னை, உடைத்துவிட்டு, இரண்டு ஓட்டை போர்டில் செருகியிருந்தான். பாட வந்தவர் உதட்டைப் பொத்திக்கொண்டு பின்னால் சாய்ந்ததை இன்னும் மறக்கவில்லை. பெரிய பின்னை உடைக்காதீர்கள்.

கோவை வாசகர்: நம்ம ஊர்க்காரர் ஒருவர் அங்கே பேசினாராமே?

சுவாமி சச்சிதானந்தா. கோவை பக்கம் செட்டிபாளையத்தில் 1914-ல் பிறந்தவர். ஹெலிகாப்டரில் வந்து, முதல் நாளே அத்தனை கூட்டத்தின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பேசினார். அந்த மூன்று நாளில் பதறாமல் இருந்தவர்கள் ரொம்பக் குறைவு. இவர் அதில் ஒருவர்.

நெல்லை வாசகர்: பழுப்பு எல்எஸ்டி...

மேலே பார்க்கவும்.

திருச்சி வாசகர்: சிதார் ரவிசங்கர் சுருதி சேர்த்ததற்கே கைதட்டினார்களே, அது உட்ஸ்டாக்கில்தானே?

இல்லை. அது 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க்கில் வங்கதேசத்துக்காக நடந்த கச்சேரி.

திருச்சி வாசகர்: என் மாமா உட்ஸ்டாக் என்றுதான் சொல்வார்.

மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். உட்ஸ்டாக்கில் ரவிசங்கர் வாசித்தது வெள்ளி இரவு, மழையில், அல்லா ரக்கா தபலாவோடு. சேற்றில் கிடந்த கூட்டத்தைப் பார்த்து அவருக்கு எருமைகள் ஞாபகம் வந்ததாம்.

யாழ்ப்பாண வாசகர்: ஹிப்பிகளை இப்படிக் கேவலப்படுத்தாதீர்கள். 1967-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் அவர் வாசித்ததை எவ்வளவு அமைதியாகக் கேட்டார்கள்!

ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறு பிற்பகல் முழுக்க அவருக்கே. கூட்டத்தோடு கூட்டமாக ராக் கிடார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் உட்கார்ந்து கேட்டார். ஆனால் அன்றிரவு என்ன ஆயிற்று? ஹென்ட்ரிக்ஸ், தி ஹூ என்ற ராக் குழு, இரண்டு தரப்பும் மற்றவருக்குப் பின்னால் ஏற மாட்டோம் என்று மேடைக்குப் பின்னால் முறுக்கிக்கொண்டு நின்றன. கடைசியில் காசு சுண்டிப் பார்த்தார்கள். தி ஹூ முந்திக்கொண்டு ஏறி, கருவிகளை அடித்து நொறுக்கியது. அதை மிஞ்ச வேண்டுமே! ஹென்ட்ரிக்ஸ் கிடாரைக் கொளுத்தினார். ரவிசங்கரால் அதைத் தாங்க முடியவில்லை.

யாழ்ப்பாண வாசகர்: அது கலை. உங்களுக்குப் புரியாது.

தம்பி, நான் ஆயுத பூஜைக்கு ஆம்ப்ளிஃபயருக்குப் பொட்டு வைக்கிறவன். புரியாமல்தான் இருக்கும்.

திருச்சி வாசகர்: அப்படியானால் மாமா சொன்னது...

1971. நியூயார்க். அடுத்த கேள்வி.

புதுச்சேரி வாசகர்: மேடைக்குப் பின்னால் நெளிந்து ஓடும் அந்த வண்ண ஒளியை எப்படிச் செய்தார்கள்? கம்ப்யூட்டர் இல்லையே.

நல்ல கேள்வி. நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் 'ஜோஷுவா லைட் ஷோ' குழு திரைக்குப் பின்னாலிருந்தே ஒளியைப் பாய்ச்சியது. சுவர்க் கடிகாரத்தின் குழிந்த கண்ணாடிகள் இரண்டு. ஒன்றில் சாயம் கலந்த தண்ணீரும் எண்ணெயும் ஊற்றி, மேலே மற்றதை வைத்து, வகுப்பறையில் பயன்படுத்துகிற ஓவர்ஹெட் புரொஜெக்டர்மேல் வைப்பார்கள். டிரம்மின் அடிக்கு ஏற்ப மேல்கண்ணாடியை விரலால் லேசாக அமுக்க, நடுவில் குமிழ்கள் பிதுங்கிப் பிரியும். நானும் வீட்டில் செய்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் குளிரில் உறைந்துவிட்டது.

ஈரோடு வாசகர்: கலைஞர்கள் போதையில்தான் வாசித்தார்களா?

எல்லோரும் இல்லை. உட்ஸ்டாக்கில் 22 வயது கார்லோஸ் சந்தானா, தன் முறை வர நேரமிருக்கிறது என்று நம்பி மெஸ்கலின் என்ற போதைப்பொருளை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்திலேயே 'இப்போதே ஏறு' என்றார்கள். கிடாரின் கழுத்து பாம்பாக நெளிந்ததாம். அதைப் பிடித்து அடக்கியபடியே வாசித்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். உட்ஸ்டாக் பற்றிய ஆவணப்படத்தில் அவர் முகம் கோணுவதைப் பார்த்து 'என்ன முகபாவம்!' என்று ரசிக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். போதையால் நன்றாக வாசித்தார் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். போதையை மீறி வாசித்தார்.

விழுப்புரம் வாசகர்: எங்கள் கல்லூரி விழாவுக்குத் திறந்த மேடை, மழை வரும் போலிருக்கிறது. என்ன செய்ய?

கிடார் ஆம்ப்பையும் மைக் செட்டையும் ஒரே போர்டில் எடுங்கள், மின்கசிவு வந்தால் தானே கரண்டை நிறுத்துகிற எர்த் கசிவு பிரேக்கர் வழியாக. எர்த் சரியா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மேடை நனைந்தால் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், முதல்வர் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. பெரிய பின்...

சேலம் வாசகர்: பழுப்பு எல்எஸ்டி பற்றி முழுதாகச் சொல்லவேயில்லையே?

போங்கய்யா. ஜெனரேட்டர்காரர் கூப்பிடுகிறார்.