தகடு வேய்ந்த வீடும் வங்கிக் கடனும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரும்புத் தூண் நிறுத்தி, டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) அடித்து, தகடு வேய்ந்து குடியிருப்பவர்களிடமிருந்தே, வங்கிக் கடனுக்காகச் சொத்துகளை மதிப்பிடும் எனக்கு இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன.

கேள்வி (ஓமலூர்): ஆறு ஆண்டுகளுக்கு முன் 1,000 சதுர அடியில் ஷீட் வீடு கட்டினோம். 14 லட்சத்துக்குப் பில் இருக்கிறது. மதிப்பீட்டாளர் கட்டடத்துக்கு 10 லட்சம்கூடப் போடவில்லையே?

பதில்: நீங்கள் அனுப்பிய பில்களில் ஏசியும் சோபாவும் இருக்கின்றன, அவை கட்டடத்தில் சேரா. இன்று அதே வீட்டைக் கட்டச் சதுர அடிக்கு 1,200 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 12 லட்சம். ஆயுள் 30 ஆண்டு, கழிவு மதிப்பு (ஆயுள் முடிந்த பிறகும் மிஞ்சும் மதிப்பு) 10 சதவீதம் என்று கொண்டால், மீதி 90 சதவீதம் ஆண்டுக்கு 3 சதவீதமாகத் தேயும்; ஆறு ஆண்டுத் தேய்மானம் 18 சதவீதம். மீதி ஏறத்தாழ 9.8 லட்சம். உங்கள் மதிப்பீட்டாளர் சரியாகவே செய்திருக்கிறார். கட்டடத்தின் எஞ்சிய ஆயுள் கடன் காலத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால், 25 ஆண்டுக் கடன் கேட்டு அலையாமல் 15 ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி (அஸ்தம்பட்டி): எங்கள் ஷெட் வீட்டுக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?

பதில்: பரப்பு, வயது, பட்டா, அனுமதி ஆகிய எதையும் எழுதாமல் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ரிசர்வ் வங்கியின் உச்ச வரம்பை மட்டும் சொல்கிறேன்: 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. இது வரம்புதான், உரிமையன்று. தகடு வேய்ந்த வீடு என்றால் வங்கிகள் இதற்குக் கீழேயே நிற்கும்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): தாத்தா காலத்துத் தறிக்கூடத்தை உள்ளே சுவர் தடுத்து வீடாக்கிவிட்டோம். வீடாக மதிப்பிடுவார்களா?

பதில்: வரைபடத்தில் தறிக்கூடம் என்றும், மின் இணைப்பு விசைத்தறிக் கட்டணத்திலும், சொத்து வரி தொழிற்கூடமாகவும் இருக்கும்வரை மாட்டார்கள். மூன்றையும் குடியிருப்பாக மாற்றிய பிறகு அழையுங்கள். வரைபடத்தில் இருப்பதும் தரையில் நிற்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். தறி ஓடிய அதிர்வில் டிரஸின் வெல்டிங் இணைப்புகள் விரிசல் கண்டிருக்கலாம் என்பதால், அவற்றை ஒரு பொறியாளரிடம் காட்டிவிடுவதும் நல்லது.

கேள்வி (ஏற்காடு, நாகலூர்): காபித் தோட்டத்துக்குள் 1,400 சதுர அடியில் பப் பேனல் (இரு தகடுகளுக்கிடையே நுரை அடைத்த பலகை) வீடு கட்டியிருக்கிறோம். கழற்றி எடுத்துவிடக்கூடிய ஷெட்தானே என்று அனுமதி வாங்கவில்லை. வங்கி மறுக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இந்தக் கடிதத்தை எத்தனை வடிவங்களில் படித்துவிட்டேன்! அனுமதி கேட்டால் கழற்றக்கூடியது என்கிறீர்கள். கடன் கேட்கும்போது நிரந்தர வீடு என்கிறீர்கள். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். நிலத்தோடு பிணைக்கப்படாத பொருள் அசையாச் சொத்தாகாது. அசையாச் சொத்தாகாததை வீட்டு அடமானத்தில் வைக்க முடியாது. உங்கள் வீடு காங்கிரீட் அடித்தளத்தில் போல்ட் இறுக்கி நிற்கிறது என்றால் அது கட்டடம், கட்டடம் என்றால் அனுமதி வேண்டும். கூரை எந்தப் பொருளால் ஆனது என்பது இதில் கணக்கில்லை.

ஏற்காடு, மலைப்பகுதிக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்தும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது. வனம், வேளாண் பொறியியல், புவியியல் சுரங்கம் எனப் பல துறைகளின் தடையின்மைச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியிருப்பது உண்மைதான்; அந்த அலைச்சலை நானும் அறிவேன். ஆனால் சரிவை வெட்டி, நீர் வழியை மறித்துக் கட்டினால் முதல் பெருமழையிலேயே மண் சரிந்து கீழ்வீட்டின் மேல் விழும் என்பதற்காகத்தான் அந்தத் துறைகளைக் கேட்கச் சொல்கிறார்கள். அனுமதியில்லாத வீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கையில் நான் நிலத்தின் மதிப்பை மட்டுமே எழுதுவேன். ஒருமுறை ஒரு வங்கிக் கிளையில், கட்டடத்தையும் சேர்த்து எழுதித் தரும்படி என்னை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். எழுதவில்லை, அடுத்த மாதமே அவர்களின் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து என் பெயர் போய்விட்டது.

இன்னொன்று. தோட்ட நிலம் விவசாய நிலமாகவே இருந்தால், கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி அதை நேரடியாகக் கைப்பற்றி விற்க முடியாது. வங்கி மறுப்பதற்கு இதுவே பெரிய காரணம். முதலில் வீடு நிற்கும் மனைக்கு நில உபயோக மாற்றம், அடுத்து வரைபட அனுமதி, அதன் பிறகே கடன். இந்த வரிசையை மாற்றிவிட்டு என்னிடம் வழி கேட்காதீர்கள்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடு போட்ட வீடு. மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றிவிட்டு அழையுங்கள். உடைந்த கல்நாரின் தூசு நுரையீரலுக்குக் கேடு, விலைக்கும் கேடு.

கேள்வி (ஏற்காடு): ஷெட் வீட்டை வாரக் கடைசியில் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுகிறோம். அந்த வருமானத்தை வைத்து மதிப்பைக் கூட்டலாமா?

பதில்: கூட்டலாம், ஆனால் அப்போது அது வணிகச் சொத்து, வட்டியும் வணிகக் கடன் வட்டி. வீட்டுக் கடன் வேண்டுமானால் பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையை ஒப்பிட்டுத்தான் மதிப்பிட வேண்டும். மலையில் தகடு வேய்ந்த வீடுகள் விற்பனைக்கு வருவது அரிது என்பதால், காங்கிரீட் வீட்டின் விலையை எடுத்துக் கூரைக்கும் ஆயுளுக்கும் கழித்துத்தான் கணக்கிடுகிறோம். வரைபடத்தில் இருப்பதும் தரையில் நிற்பதும் ஒன்றுதானா என்று உங்களையும் கேட்பேன். வரும்போது அனுமதி வரைபடத்தைக் கையில் கொண்டு வாருங்கள்.