பதுங்குகுழிப் போரில் யாருக்கு என்ன வேலை? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

முதல் உலகப் போரில் பிரான்ஸ், பெல்ஜியம் பகுதியில் நடந்த பதுங்குகுழிச் சண்டை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். துப்பாக்கியோடு குழிக்குள் காத்துக் கிடந்த சிப்பாய்தான் எல்லோர் மனதிலும் இருக்கிறார். அவரைச் சுற்றி எத்தனை கைத்தொழில்காரர்கள் இருந்தார்கள் என்பதையும் பார்த்தால்தான் அந்தப் போர் புரியும்.

சாப்பர், பயனியர், டன்னலர் மூவருமே மண் தோண்டுகிறவர்கள்தானே? எதற்கு மூன்று பெயர்?

சாப்பர் பொறியாளர் படையைச் சேர்ந்தவர். பாலம் போடுவது, முள்கம்பித் தடை அமைப்பது, எதிரியின் தடையைத் தகர்ப்பது, வெடி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பயனியர் காலாட்படைக்காரர். குழி வெட்டவும் சாலை போடவும் கூடுதல் பயிற்சி பெற்றவர். தேவைப்பட்டால் சண்டையிலும் இறங்குவார்.

டன்னலரின் உலகமே தனி. 1915 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராணுவம் சுரங்கம் தோண்டும் கம்பெனிகளை (கம்பெனி என்றால் ராணுவப் பிரிவு) தொடங்கியது. அதற்குப் பின்னால் நின்றவர் ஜான் நார்ட்டன் கிரிஃபித்ஸ் என்ற பொறியியல் ஒப்பந்ததாரர். மான்செஸ்டரில் பாதாளச் சாக்கடை தோண்டிக்கொண்டிருந்த தன் ஆட்களையே அவர் போர்முனைக்குக் கொண்டுபோனார். மரச்சட்டத்தில் மல்லாந்து சாய்ந்து, இரண்டு காலாலும் மண்வாரியைக் களிமண்ணுக்குள் உதைத்து இறக்குவது அவர்கள் முறை. கடப்பாரை, கோடரிச் சத்தம் கிடையாது. அந்த அமைதிதான் அவர்களுக்கு உயிர்க்காப்பு. எதிரியும் பக்கத்திலேயே தோண்டிக்கொண்டு, மண்சுவரில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான். நச்சுக்காற்றை முன்கூட்டியே அறிய கேனரிக் குருவிகளைக் கூண்டில் வைத்துக் கீழே எடுத்துப் போனார்கள்.

1917 ஜூன் 7 அதிகாலையில் பெல்ஜியத்தின் மெசின் குன்றுக்கு அடியில் இவர்கள் வைத்த 19 வெடிகள் வெடித்தன. வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்ட ஒன்று, 1955-ல் மின்னல் தாக்கி வெடித்தது.

கையெறி குண்டு வீச எல்லாச் சிப்பாய்க்கும் தெரியாதா? 'பாம்பர்' என்று தனியாக ஏன் வைத்தார்கள்?

1914-ல் பெரும்பாலோருக்குத் தெரியாது. போதுமான குண்டுகளும் இல்லை. ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்து வீசிய காலம் அது. 1915-ல் மில்ஸ் குண்டு வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

பதுங்குகுழி நேராகப் போகாது. சில மீட்டருக்கு ஒருமுறை மடங்கி மடங்கிப் போகும். ஓரிடத்தில் குண்டு விழுந்தால் அடுத்த மடிப்பில் இருப்பவர்கள் பிழைக்கட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. உள்ளே நுழைந்து தாக்குகிறவருக்கோ ஒவ்வொரு திருப்பத்திலும் மரணம் காத்திருக்கும். அதனால் குழுவாகப் போவார்கள். முன்னால் பயனெட் (துப்பாக்கி முனையில் செருகும் கத்தி) வீரர்கள், அடுத்து குண்டு எறிபவர், அவருக்குப் பின்னால் குண்டு சுமப்பவர்கள். திருப்பத்துக்கு மேலாகக் குண்டு போகும். வெடித்த மறுகணம் பயனெட் வீரர்கள் பாய்வார்கள்.

1914 நவம்பரில் பிரான்ஸின் ஃபெஸ்டுபர்ட்டில் கடுவால் ரைபிள்ஸ் படையின் தர்வான் சிங் நேகி, தலையிலும் கையிலும் காயம்பட்ட பிறகும், இப்படி ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னணியில் நுழைந்தவர்களில் ஒருவர். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். அந்தத் திருப்பங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தால்தான் அந்தப் பதக்கத்தின் எடை தெரியும்.

ஜெர்மனியின் ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் (அதிரடியாக நுழைந்து தாக்கும் வீரர்கள்) அவ்வளவு திறமைசாலிகளா?

ஆம். 1915-ல் கேப்டன் வில்லி ரோர் உருவாக்கிய முறை அது. கையெறி குண்டு, தீப்பீச்சி, இலகு இயந்திரத் துப்பாக்கியோடு சிறு குழுக்களாக நுழைவார்கள். பலமான இடத்தைப் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுவிட்டு, பலவீனமான இடத்தில் ஊடுருவுவார்கள். 1918 மார்ச் 21 அன்று தொடங்கிய பெருந்தாக்குதலில் இந்த முறை நன்றாகவே பலித்தது. ஆனால் நல்ல வீரர்களையெல்லாம் பொறுக்கி எடுத்து முதல் அலையில் அனுப்பினால், முதலில் சாவதும் அவர்கள்தான். அந்த இழப்பை ஈடுகட்ட ஜெர்மனியிடம் ஆள் இல்லை.

இதில் நம் பக்கத்துப் பங்கு ஏதாவது உண்டா?

உண்டு. 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் பெங்களூரு. அங்கே பணியாற்றிய கேப்டன் மெக்ளின்டாக் 1912-ல் உருவாக்கியதுதான் 'பெங்களூர் டார்பிடோ'. வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, முள்கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைப்பார்கள். வெடிக்க வைக்கிற ஆள் தூரத்திலேயே இருந்துகொள்ளலாம். கம்பியில் வழி கிடைத்துவிடும்.

இப்படிப்பட்ட திறமைக்காரர்களை வீணடித்ததும் நடந்தது. 1914 அக்டோபர் 28 அன்று பிரான்ஸின் நியூவ் ஷாபெல் கிராமத்தைப் பிடிக்க, பாம்பே சாப்பர்களின் இரண்டு கம்பெனிகளைச் சாதாரணக் காலாட்படை போல 47-வது சீக்கியர் படையோடு அனுப்பினார்கள். கிராமத்துக்குள் தெருத் தெருவாகச் சண்டையிட்டு, கடும் இழப்போடு திரும்பினார்கள். பல வருடப் பயிற்சி ஒரே நாளில் போனது. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆயுதமே எடுக்காதவர்கள் இருந்தார்களா?

தூக்குப்படுக்கை சுமந்தவர்கள். காயம்பட்டவரைக் குண்டு மழையில் தேடிப்போய்த் தூக்கி வருவது அவர்கள் வேலை. 1917-ல் பெல்ஜியத்தின் பாஷண்டேல் சேற்றில், ஒரே ஆளைச் சுமக்க ஆறு, எட்டுப் பேர்கூடத் தேவைப்பட்டார்கள். அவர்களில் வில்லியம் கோல்ட்மன் பெயரை எல்லோரும் அறிய வேண்டும். 1918 அக்டோபரில், பின்வாங்கியபோது விடுபட்டவர்களைத் தேடித் தனியாகப் போய், மூன்று முறை முதுகில் சுமந்து வந்தார். தொடர்ந்து 48 மணி நேரம் காயம்பட்டவர்களைக் கவனித்தார். அந்தப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அதிகாரி அல்லாதவர்களில் மிக அதிகமாகப் பதக்கம் பெற்றவர் அவரே.

ரன்னர் என்பவர்?

செய்தி கொண்டு ஓடுபவர். ஷெல் (பீரங்கிக் குண்டு) விழுந்தால் தொலைபேசிக் கம்பி அறுந்துவிடும். பிறகு கால்தான் கதி. முக்கியமான செய்தி என்றால் ஒரே தகவலை இரண்டு பேரிடம் கொடுத்து வெவ்வேறு வழியில் அனுப்புவார்கள், ஒருவராவது போய்ச் சேரட்டும் என்று.