பிளெக்ஸ் கடை வேலையை போர்ட்ஃபோலியோவில் காட்டலாமா?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கிருஷ்ணகிரியில் ஒரு பிளெக்ஸ், ஆஃப்செட் கடையில் 3 வருடமாக டிசைனராக இருக்கிறேன். பெங்களூருவில் பேக்கேஜிங் டிசைன் வேலைக்குப் போக ஆசை. போர்ட்ஃபோலியோ, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பு, கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது பிறந்தநாள் பேனர், கல்யாணப் பத்திரிகை, சில மாம்பழக் கூழ் டப்பா லேபிள்கள். இதையெல்லாம் காட்டலாமா, கூடவே என்ன எழுதுவது?

தாராளமாகக் காட்டுங்கள். லேபிள்தான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகப்போவது பேக்கேஜிங் வேலைக்கு. படிப்பை இப்போதுதான் முடித்து வருகிறவர்கள் பெரும்பாலும் இல்லாத காபி கம்பெனிக்குச் செய்த கற்பனை டப்பாவைக் காட்டுவார்கள். உங்களுடையது அச்சாகி, தகரத்தில் ஒட்டி, லாரி ஏறிப் போன லேபிள்.

ஆனால் படத்தை மட்டும் வைத்தால் இது யாருக்கும் புரியாது. அந்த லேபிளில் உங்களுக்கு எது தலைவலியாக இருந்தது என்று யோசியுங்கள். சைவம் என்று காட்டும் பச்சை வட்டக் குறி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிம எண், நிகர எடை, சத்து விவரம் எல்லாம் இடம் பிடித்த பிறகு மிச்ச இடத்தில் மாம்பழத்தை எப்படி நிற்க வைத்தீர்கள்? திரையில் பளிச்சென்று இருந்த ஆரஞ்சு நான்கு மையில் அச்சானதும் மங்கியிருக்குமே, அப்போது என்ன செய்தீர்கள்? இதைத்தான் எழுத வேண்டும். 'கண்கவர் நவீன வடிவமைப்பு' என்று எழுதினால் படிப்பவருக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுகிறேன், உங்கள் கதை வேறாக இருக்கும்: "3.1 கிலோ மாம்பழக் கூழ் டப்பா. ஒரே ஆலையில் இரண்டு ரகம், கிடங்கில் டப்பா மாறிப்போகிறது என்றார் உரிமையாளர். ரகத்தின் பெயரைப் பெரிதாக்கி, தோத்தாபுரிக்கு வெளிர் மஞ்சள், அல்போன்சாவுக்கு அடர் ஆரஞ்சுப் பட்டை வைத்தேன். லேஅவுட் என்னுடையது, லோகோ அவர்கள் தந்தது." அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எது உங்கள் கை வேலை, எது இன்னொருவருடையது என்று நீங்களே சொல்லிவிட்டால் மற்றதையும் நம்புவார்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள், பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்வதுபோல. அப்புறம் அதையே எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் எங்கோ படித்த வாக்கியம்தான் கைக்கு வரும்.

பேனரில் இரண்டு போதும். கணினிக் கோப்பாக இல்லாமல் அது தொங்கிய இடத்தில் எடுத்த போட்டோவாக வையுங்கள், சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று படிக்க முடிகிறதா என்பதுதான் பேனருக்குப் பரீட்சை. இணையத்திலிருந்து எடுத்த படம் போட்ட பேனர் வேண்டாம். கல்யாணப் பத்திரிகையை ஒதுக்காதீர்கள், தமிழ் எழுத்தைப் பத்தி பத்தியாக அடுக்கத் தெரிந்தவர் என்பதற்கு அது நல்ல சாட்சி. பெயர், முகவரி, போன் நம்பரை மட்டும் மாற்றிவிடுங்கள். கடை முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆலைக்காரரிடமும்.

மொத்தம் 6 வேலை, அதிகம் போனால் 8.

எழுத்துரு விஷயத்தில் கவனம். கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துப் பழகியிருப்பீர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். போர்ட்ஃபோலியோவில் எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் எழுத்துரு மட்டும் போடுங்கள், கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர் எல்லாம் இலவசம். போட்டோஷாப்பில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், டைப் அமைப்பில் இந்திய மொழிகளுக்கான எழுத்து வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பெஹான்ஸ் இணையதளத்தில் இலவசமாக ஏற்றி, கூடவே ஒரு சின்ன பிடிஎஃப்பும் செய்துகொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன் வேறொருவர் போனில், வைஃபை இல்லாமல், திறந்து பாருங்கள். திறக்க நேரமானால் படங்களின் அளவைக் குறைத்துவிட்டு அனுப்புங்கள்.