டிரெய்லர் ஓட்டும் தேர்வு: எதில் கவனம்?

கேள்வி: இ லைசென்சும் (கனரக வாகன உரிமம்) ஜிடிஎல்லும் (சரக்கு வாகனத் தொழில் உரிமம்) இருக்கின்றன. பெரிய லோஜிஸ்டிக்ஸ் நிறுவனமொன்று டிரெய்லர் ஓட்டிக் காட்ட அழைத்துள்ளது. எப்படித் தயாராவது? - வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முதலில் இரண்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள். சாலை ஓட்டத்தைவிட, டிரெய்லரை இணைப்பதில்தான் கோட்டை விட வாய்ப்பு அதிகம். பிரைம் மூவரை (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) நேராகப் பின்னெடுத்து, தொடுவதற்கு முன் நிறுத்தி, இறங்கி உயரம் பாருங்கள். பிரைம் மூவரின் பின்புறமுள்ள இணைப்புத் தட்டு, டிரெய்லருக்கு அடியில் நுழையும்போது அதைக் கொஞ்சம் தூக்கும்படி உயரம் இருக்க வேண்டும். டிரெய்லர் உயரமாக நின்றால் அதன் அடியிலுள்ள கிங்பின் (இணைப்பு முளை) தட்டின் பூட்டுக்குள் இறங்காது, ஓட்டத்தில் கழன்றுவிடும்.

டிரெய்லர் பிரேக் பிடித்திருக்க, குறைந்த கியரில் மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு இறங்கி, டார்ச் அடித்து, பூட்டின் தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியதா என்று பாருங்கள். தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் மறுபடி இணைக்க வேண்டும். பிறகே பிரேக்குக்கான காற்றுக் குழாய்கள் (சிவப்பு சப்ளை, மஞ்சள் சர்வீஸ்), விளக்கு வயர். டிரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களை முழுக்க ஏற்றுங்கள்.

ரிவர்ஸில், டிரெய்லர் பின்புறம் போக வேண்டிய திசைக்கு எதிராக ஸ்டீயரிங்கைச் சிறிதாகத் திருப்புங்கள். அதிகம் திருப்பினால் பிரைம் மூவரும் டிரெய்லரும் கத்திபோல் மடிந்துவிடும். முன்னே எடுத்து நேராக்குவதில் வெட்கம் வேண்டாம். பிரேக்கின் காற்றழுத்தம் குறைவு என்ற எச்சரிக்கை ஒலி நிற்குமுன் வண்டியை நகர்த்தினால் மட்டும் எந்தப் பரிசோதகரும் மன்னிக்கமாட்டார்.